வழியில்லை என்று சொல்வதற்கு முன் தேடிப் பார்த்தீர்களா? புற்றுநோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

முற்றிய நிலைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்களுக்கும், அந்த மருத்துவமனைகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும்,

என் அக்கா நுரையீரல் புற்றுநோயால் இறந்துவிட்டார். அவருடைய பயாப்சி மாதிரியை வேறொரு மருத்துவரிடம் காட்டக் கேட்டபோது ஏன் அத்தனை வாரங்கள் இழுத்தடித்தீர்கள் என்று, அவர் உயிரோடு இருக்கும்போதே மருத்துவமனைக்கு எழுதியிருந்தோம். பதில் அவர் இறந்த பிறகு வந்தது. ஒரே பத்திதான். "நோய் பரவிய நிலையில் உள்ளவர்களின் திசு மாதிரிகளை, சிகிச்சை அளிக்கும் மருத்துவர் பரிந்துரைத்தால் மட்டுமே வெளியே தருவது எங்கள் நடைமுறை. தங்கள் விஷயத்தில் அந்த நடைமுறை முறையாகப் பின்பற்றப்பட்டது." அவ்வளவே.

அந்த மருத்துவமனையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. சிகிச்சைக்குக் காத்திருந்த வராந்தாக்களில் எத்தனையோ குடும்பங்களோடு பேசியிருக்கிறேன். வெவ்வேறு மருத்துவமனைகளிலிருந்து வந்தவர்கள் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். ஒரு பெயரைச் சொன்னால் மற்றவர்கள் இது நமக்கில்லை என்று இருந்துவிடுவார்கள். ஆகவே உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்காவுக்கு இருந்தது நான்காம் நிலை, அதாவது நோய் மற்ற உறுப்புகளுக்கும் பரவிவிட்ட நிலை. அதன் பொருள் என்ன என்பது எங்களுக்குத் தெரிந்தே இருந்தது. அக்காவைப் பிழைக்க வைத்துத் தாருங்கள் என்று நாங்கள் உங்களிடம் வந்து நிற்கவில்லை. அக்கா கணக்குத் தணிக்கை வேலை பார்த்தவர். எதையும் எழுதி வைத்துக்கொண்டு கேட்பதுதான் அவர் வழக்கம். முதல் சுற்றுக் கீமோ முடிந்து எடுத்த ஸ்கேனில் நோய் வளர்ந்திருப்பது தெரிந்தது. அன்று அவர் தன் நோட்டில் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போனார். எனக்கு இனி என்னென்ன சிகிச்சைகள் இருக்கின்றன? அவற்றில் எவை எனக்கு ஆகாது? ஏன் ஆகாது? நோட்டை விரித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருத்துவர் ஸ்கேன் படத்தைப் பார்த்தார். அத்தானைக் கையசைத்து வெளியே கூப்பிட்டார். இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நடைபாதையில் நின்றபடியே சொன்னார். அத்தான் திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தே அக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. காரில் அவர் சொன்னது ஒன்றுதான்: "என் உடம்பைப் பற்றி என்னைத் தவிர எல்லோரிடமும் பேசிவிட்டார்கள்."

மருத்துவர்களே, அந்த மூன்று கேள்விகளும் நியாயமானவை. அவற்றுக்குப் பதில் சொல்வது உங்கள் தொழிலின் ஒரு பகுதி. நேரம் கிடைத்தால் செய்யும் உபகாரமாக அதை நீங்கள் நினைக்கக் கூடாது. அந்தப் பதிலைத் தராமல் ஒன்றுமில்லை என்று சொல்லும்போது, தேடிப் பார்த்து இல்லையென்கிறீர்களா, தேடாமலே இல்லையென்கிறீர்களா என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

அக்காவின் விஷயத்தில் நீங்கள் தேடவில்லை. அதை உங்கள் கோப்பிலிருந்தே காட்டுகிறேன்.

அவருக்கு வந்தது சுரப்பிச் செல்களில் தோன்றும் அடினோகார்சினோமா வகை. கண்டுபிடித்தபோதே நுரையீரல் உறையில் நீர் கோத்திருந்தது, இடுப்பெலும்புக்கும் பரவியிருந்தது. அவர் வாழ்நாளில் ஒருமுறைகூடப் புகைபிடித்ததில்லை. இவை அனைத்தும் முதல் நாள் குறிப்பிலேயே இருக்கின்றன. இப்படிப்பட்ட ஒரு நோயாளியிடம் கட்டியின் மரபணு மாற்றங்களைப் பரிசோதிக்க வேண்டும் என்பது புதிய செய்தி அல்ல. இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றத்துக்கும் அதைக் குறிவைக்கும் மாத்திரைக்கும் உள்ள தொடர்பு 2004இல் வெளியானது. ஏ.எல்.கே. மரபணு இணைவு நுரையீரல் புற்றுநோயில் கண்டறியப்பட்டது 2007இல். ஜெஃபிடினிப் என்ற மாத்திரையைக் கீமோவோடு ஒப்பிட்ட ஐபாஸ் ஆய்வின் முடிவுகள் 2009இல் வந்தன. இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருந்தவர்களிடம் ஜெஃபிடினிப் மாத்திரை கீமோவைவிட அதிக காலம் நோயைக் கட்டுக்குள் வைத்தது. மாற்றம் இல்லாதவர்களிடம் அதே மாத்திரை கீமோவிடம் படுதோல்வி அடைந்தது. இருவருக்கும் நோயின் பெயர் ஒன்று, நிலை ஒன்று, ஸ்கேன் படம்கூட ஒன்றுபோல் இருக்கலாம். பரிசோதிக்காமல் எடுக்கும் முடிவு இரு பக்கமும் தவறிப்போகும் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

இத்தனைக்கும் பிறகு, அக்காவுக்கு முதல் கீமோ ஏற்றிய நாளில் அந்தப் பரிசோதனைக்கு மாதிரி அனுப்பப்படவே இல்லை. மூச்சுத்திணறல் கடுமையாக இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் கீமோவைத் தொடங்குவது உண்டு என்பதை அறிவேன். அப்படியானால் மாதிரியை அனுப்பிவிட்டுத் தொடங்கியிருக்கலாம். பின்னாளில் ஏன் அனுப்பவில்லை என்று கேட்டபோது, தேவைப்படவில்லை என்று பதில் வந்தது. இந்தச் சிகிச்சைகள் விலை கூடியவை, இந்தக் குடும்பத்தால் முடியாது என்று நீங்களே மனத்துக்குள் கணக்குப் போட்டிருந்தால், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: எங்கள் கையிருப்பைப் பற்றிய முடிவை எங்களிடம் விட்டுவிடுங்கள். இப்படியொரு மருந்து இருக்கிறது, இவ்வளவு பிடிக்கும், இவ்வளவுதான் பலன் எதிர்பார்க்கலாம் என்று சொல்லுங்கள். விற்பதா, கடன் வாங்குவதா, வேண்டாமென்று விடுவதா என்பதை நாங்கள் கூடிப் பேசி முடிவுசெய்வோம். ஒரு வழி இருந்தது என்பதே தெரியாமல் போவதைப் பிற்பாடு எந்தக் குடும்பத்தாலும் தாங்க முடியாது.

இரண்டாவது மருத்துவர் ஒருவரிடம் காட்டலாம் என்று முடிவெடுத்ததும்தான் உண்மையான அலைச்சல் தொடங்கியது. அவர் கேட்டது நான்கு பொருள்கள்: நோயியல் அறிக்கை, திசுச் சீவல் ஒட்டிய கண்ணாடித் தகடுகள், ஸ்கேன் படங்கள் அடங்கிய வட்டு, மெழுகுக் கட்டி. கடைசியாகச் சொன்னதை நீங்கள் பிளாக் என்பீர்கள். அதை நான் கையில் வாங்கிப் பார்க்கக் கிடைத்தபோது வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் நுனிகளுக்குள் அடங்கும் பிளாஸ்டிக் சட்டகம். விளிம்பில் பேனாவால் எழுதிய எண். நடுவே வெள்ளை மெழுகு. அந்த மெழுகுக்குள் நூல் துணுக்கைப் போல் வெளிறிய ஒரு கோடு. அக்காவின் நுரையீரலிலிருந்து ஊசியால் எடுத்த திசு அது. அதைத்தான் நான்கைந்து மைக்ரான் தடிமனில் சீவிச் சீவி ஒவ்வொரு பரிசோதனைக்கும் பயன்படுத்துகிறீர்கள். ஒவ்வொரு சீவலுக்கும் அது குறைகிறது. தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

அந்தத் துண்டுக்காக ஆய்வகத்துக்குப் போனால் மருத்துவரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். மருத்துவரிடம் போனால் அது நிர்வாகத்தின் பொறுப்பு என்றார். நிர்வாக அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, ஆய்வகத்திலிருந்து தகவல் வரட்டும் என்றார்கள். இடையில் ஒருவர், வேறு மருத்துவரிடம் போவதென்றால் இங்கே சிகிச்சையைத் தொடர வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னார். மூச்சு வாங்கிக்கொண்டு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னார். ஸ்கேன் வட்டு எந்தக் கணினியிலும் திறக்கவில்லை. அச்சடித்த படம் போதும் என்றார்கள். படத்தில் அளந்து பார்க்க முடியாது என்பதைப் புதிய மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம்.

வாரங்கள் கழித்து மாதிரி கைக்கு வந்தது. பரிசோதனைக்கு அனுப்பினோம். எஞ்சியிருந்த திசு போதவில்லை என்று முடிவு வந்தது.

இங்கேதான் எனக்கு இன்றுவரை மனம் ஆறாத ஒன்று இருக்கிறது. நுரையீரல் உறையில் கோத்த நீரில் புற்றுச் செல்கள் இருக்கும். அந்த நீரைச் சுழற்றிப் படியவைத்து, செல்களைத் திரட்டி, அவற்றிலிருந்தே மரபணுப் பரிசோதனை செய்யலாம். திசு போதாமல் போகும் நோயாளிகளுக்கு இது கைகொடுக்கும் வழி. அக்காவுக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் அந்த நீரைப் பாட்டில் பாட்டிலாக இறக்கினீர்கள். இறக்கியதை ஒவ்வொரு முறையும் கழிவறையில் ஊற்றினீர்கள். நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். தேவையான விடை அந்தப் பாட்டிலுக்குள் இருந்திருக்கலாம் என்பதை அறிந்த ஒருவர்கூட அந்த அறையில் இல்லையா? இருந்தும் சொல்லவில்லையா?

காலதாமதம் என்றால் வெறும் காத்திருப்பு என்று உங்கள் நிர்வாகிகள் நினைக்கிறார்கள். முற்றிய புற்றுநோயில் ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒரு கதவு சாத்தப்படுகிறது. புதிய மருந்துகளைப் பரிசோதிக்கும் ஆய்வுகளில் சேர நோயாளி எவ்வளவு நடமாட்டத்தோடு இருக்கிறார் என்று பார்க்கிறார்கள். இதை அளக்கும் ஈகாக் என்ற அளவுகோலில், நடமாட்டம் நன்றாக இருப்பதைக் குறிக்கும் 0 அல்லது 1 என்றால் பெரும்பாலான ஆய்வுகள் ஏற்கும். விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிவதைக் குறிக்கும் 3 என்றால் ஏற்பது அரிது. சில ஆய்வுகளில் ஏற்கெனவே ஒரு சுற்று மருந்து எடுத்திருந்தால் சேர முடியாது. வேறு சிலவற்றில் முந்தைய மருந்துக்குப் பிறகு சில வாரங்கள் இடைவெளி வேண்டும். மருந்துகளின் வரிசையும் முக்கியம். உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் நோயெதிர்ப்புச் சிகிச்சையை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் தெரியவந்து அதைக் குறிவைக்கும் ஒசிமெர்டினிப் மாத்திரையைத் தொடங்கினால் நுரையீரல் அழற்சி ஏற்படும் ஆபத்து கூடுகிறது. எதை முதலில் கொடுக்கிறோம் என்பதே அடுத்து எது கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கும்போது, முதல் முடிவைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதை எப்படி நியாயப்படுத்துவீர்கள்?

அங்கீகாரம் பெறாத மருந்தைக் கருணை அடிப்படையில் மருந்து நிறுவனத்திடமிருந்து பெறும் வழியும் உண்டு. அதற்கு நோயாளி விண்ணப்பிக்க முடியாது; சிகிச்சை அளிக்கும் மருத்துவர்தான் எழுத வேண்டும். அந்த மருத்துவர் ஏற்கெனவே கைகழுவிவிட்டார் என்றால் நோயாளி யாரிடம் போவார்?

யாரிடம் போவார் என்பதை நான் சொல்கிறேன். நீங்கள் கதவைச் சாத்திய மறுநாளிலிருந்து எங்கள் தொலைபேசி ஓயவில்லை. நோயை வேரோடு அறுக்கும் பொடி, ரத்தத்தைச் சுத்தம் செய்யும் ஊசி, தூரத்து நாட்டில் ஒரு தனியார் மையம், ஆய்வு என்ற பெயரில் முன்பணம் கேட்கும் ஒருவர். முறையான ஆய்வுகளில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்குவது வழக்கமில்லை என்பதை எங்களுக்குச் சொல்லவேண்டியது யார்? அவர்கள் எல்லோரும் அக்காவோடு நேரம் எடுத்துப் பேசினார்கள். பெயர் சொல்லி அழைத்தார்கள். கேள்விக்குப் பதில் சொன்னார்கள். பொய்யான பதில்தான், ஆனாலும் சொன்னார்கள். 2018இல் ஜர்னல் ஆஃப் தி நேஷனல் கேன்சர் இன்ஸ்டிடியூட் என்ற இதழில் வந்த ஓர் ஆய்வு, குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்த நோயாளிகளில் மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் ஆபத்து, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட 2.5 மடங்கு என்று காட்டியது. இதைச் சொல்லி நோயாளிகளைக் குறைசொல்வது எளிது. அவர்களை அந்தப் பக்கம் தள்ளிவிடும் மௌனத்தைப் பற்றியும் நீங்கள் பேச வேண்டும்.

அக்கா ஏமாறவில்லை. அவர் கணக்குப் பார்த்துப் பழகியவர். இரண்டாவது மருத்துவரை அதற்குள் கண்டடைந்திருந்தோம். அவர் ஏதோ அதிசயம் நிகழ்த்தினார் என்று எழுதினால் இந்த மடலுக்குப் பலம் கூடும், அது நடக்கவில்லை. அவர் செய்தது இதுதான். கோத்த நீரை மறுபடி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ரத்தத்தில் கலந்திருக்கும் கட்டியின் மரபணுத் துணுக்குகளையும் பார்க்கச் சொன்னார். முடிவு வந்ததும் அக்காவை எதிரே உட்காரவைத்து, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று முதலில் கேட்டார். எல்லாம் என்றார் அக்கா. மருத்துவர் நோட்டை வாங்கி அந்த மூன்று கேள்விகளுக்கும் கீழே தன் கையாலேயே எழுதினார். மாத்திரைக்கு ஏற்ற மாற்றம் எதுவும் இல்லை. நோயெதிர்ப்பு மருந்து தனியாகப் பலன் தரும் வாய்ப்பு குறைவு. ஏன் என்ற காரணம். இரண்டாம் வரிசைக் கீமோ ஒன்று இருக்கிறது. அது தரக்கூடியது என்ன, எடுத்துக்கொள்ளக்கூடியது என்ன. முதற்கட்ட ஆய்வு ஒன்று நடக்கிறது. அதன் முக்கிய நோக்கம் பாதுகாப்பான அளவைக் கண்டுபிடிப்பது. இப்போதிருக்கும் உடல்நிலையில் சேர்க்க மாட்டார்கள், சில வாரங்களுக்கு முன்பு என்றால் கேட்டுப் பார்த்திருக்கலாம். கடைசி வரி: கட்டிக்கு எந்தச் சிகிச்சையும் எடுக்காமல், வலிக்கும் மூச்சுக்கும் முழுமையாகச் சிகிச்சை எடுப்பது. அதையும் மற்றவற்றோடு ஒரு சிகிச்சையாகவே வரிசையில் எழுதியிருந்தார்.

அக்கா கடைசி வரியைத் தேர்ந்தெடுத்தார். நாங்கள் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. கீமோ எடுக்கச் சொல்லி அத்தான் கெஞ்சினார். "இதை நான் பார்த்துத்தான் முடிவு செய்தேன், முன்பு மாதிரி யாரோ முடிவு செய்ததில்லை" என்று அக்கா சொன்னதும் அவர் அடங்கிவிட்டார்.

செய்வதற்கு ஒன்றுமில்லை என்று நீங்கள் அனுப்பிய அதே உடம்புக்கு அதன்பின் என்னென்ன செய்யப்பட்டது என்பதைக் கேளுங்கள். இடுப்பெலும்பில் ஒரே ஒரு முறை கதிர்வீச்சு கொடுத்தார்கள். எலும்புக்குப் பரவிய நோயின் வலிக்கு ஒரே தவணைக் கதிர்வீச்சு, பல தவணைகளுக்கு நிகராக வலியைக் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். சில நாட்களில் அக்கா திரும்பிப் படுக்க முடிந்தது. நீரை ஒவ்வொரு முறையும் ஊசி போட்டு எடுப்பதற்குப் பதிலாக மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தினார்கள், வீட்டிலேயே வடித்துக்கொண்டோம். மார்ஃபினைச் சரியான அளவில் கொடுத்தார்கள். வலிக்கு மட்டுமல்ல, மூச்சுத்திணறலுக்கும் அது உதவியது. மயங்கிக் கிடப்பார் என்று பயந்தோம். அவர் தன் கணக்குப் புத்தகங்களை எல்லாம் சரிபார்த்து முடித்தார்.

இவை எவையும் புதுக் கண்டுபிடிப்புகள் அல்ல. உங்கள் கட்டிடத்திலேயே கிடைத்திருக்கக்கூடியவை. வலி தணிப்புச் சிகிச்சையைக் கடைசிக் காலத்துக்கு ஒதுக்கிவைக்கிறீர்கள். 2010இல் வெளிவந்த பாஸ்டன் ஆய்வு ஒன்றில், பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரில் ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலேயே இந்தச் சிகிச்சையையும் சேர்த்தார்கள். அவர்களின் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது, மனச்சோர்வு குறைந்தது, இறுதிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளைக் குறைவாகவே பெற்றார்கள். அப்படியிருந்தும் அவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். 2017இல் வந்த இன்னொரு ஆய்வில், கீமோ எடுத்துக்கொண்டிருந்த 766 நோயாளிகளில் ஒரு பகுதியினர் தங்கள் உபாதைகளை அவ்வப்போது கணினி வழியே தெரிவிக்க, கடுமையானவற்றுக்குச் செவிலியர்கள் கவனம் செலுத்தினார்கள். அந்த நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதம். நோயாளி சொல்வதைக் கேட்பதற்கே இவ்வளவு பலன் இருக்கிறது.

உங்கள் தரப்பும் எனக்குத் தெரியும். வெளிநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு நீங்கள் ஒதுக்க முடிந்த நிமிடங்கள் எத்தனை என்பதை வாசலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பொய் நம்பிக்கை கொடுக்கக் கூடாது என்ற அச்சமும் உங்களுக்கு உண்டு. அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. 2012இல் வந்த ஓர் ஆய்வில், பரவிய நோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 1,193 பேரிடம் கேட்டார்கள். அந்த மருந்து தங்களைக் குணப்படுத்தும் வாய்ப்பு இல்லை என்பதைப் புரிந்துகொள்ளாமல் இருந்தவர்கள் நுரையீரல் புற்றுநோயாளிகளில் 69 சதவீதம், பெருங்குடல் புற்றுநோயாளிகளில் 81 சதவீதம். 2015இல் வந்த ஆய்வொன்று, நடமாட்டத்தோடு இருந்தவர்களுக்கே இறுதி மாதங்களில் கொடுத்த கீமோ அவர்களின் கடைசி நாட்களை மோசமாக்கியதைக் காட்டியது. ஆக, சொல்லாமல் மருந்தை ஏற்றிக்கொண்டே போவதும் நடக்கிறது, சொல்லாமல் கைவிடுவதும் நடக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: நோயாளியை எதிரே உட்காரவைத்துச் சொல்வது.

வேறொருவரிடம் காட்டப் போகிறோம் என்றால் உங்கள் மேல் நம்பிக்கையில்லை என்று எடுத்துக்கொள்கிறீர்கள். அதை விட்டுவிடுங்கள். 2017 மே மாதம் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், எந்த உறுப்பில் தோன்றிய புற்றானாலும் எம்.எஸ்.ஐ. என்ற மரபணுக் குறி உயர்ந்திருந்தால் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைக் கொடுக்கலாம் என்று முதன்முறையாக அனுமதித்தது. அதற்கு முந்தைய மாதம் அந்தக் குறி உயர்ந்திருந்த ஒருவருக்கு வழியில்லை என்று சொன்ன மருத்துவர் அன்று சொன்னது சரி. அடுத்த மாதம் அதையே சொன்னால் தவறு. இவ்வளவு வேகமாக மாறும் துறையில் எல்லாவற்றையும் ஒரே தலையில் வைத்திருக்க யாராலும் முடியாது. அதனால்தான் இன்னொரு கண் வேண்டும் என்கிறோம்.

இனி, நான் கேட்பவை.

முற்றிய நிலை என்று உறுதியான நாளிலேயே, நோயாளிக்கு ஒரு தாள் கொடுங்கள். எந்தெந்த மரபணு, புரதப் பரிசோதனைகள் செய்யப்பட்டன, எவை அனுப்பப்பட்டு நிலுவையில் உள்ளன, எவை செய்யப்படவில்லை, ஏன் என்று அதில் இருக்க வேண்டும். திசு எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். கோத்த நீரை இறக்கும் முன் அதைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமா என்று கேட்பதைச் செவிலியர்களின் சரிபார்ப்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். இதற்குக் கூடுதல் நிமிடங்கள்கூடத் தேவையில்லை.

மெழுகுக் கட்டி, தகடுகள், திறக்கக்கூடிய ஸ்கேன் வட்டு, முழு மருத்துவக் குறிப்புகள் ஆகியவற்றை நோயாளி எழுத்தில் கேட்டால், குறிப்பிட்ட சில வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்று விதி செய்யுங்கள். ஆய்வகத்தில் பாதுகாப்புக்காக ஒரு பகுதியை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்குப் போதுமான சீவல்களையாவது தாருங்கள். இதற்குச் சிகிச்சை மருத்துவரின் பரிந்துரை தேவை என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள். வெளியே காட்டப் போகிறவரிடம் சிகிச்சையை முறித்துக்கொள்ள எழுதிக் கேட்பதைத் தடைசெய்யுங்கள்.

கட்டிக்கு இனிச் சிகிச்சை வேண்டாம் என்ற முடிவை ஒருவராக எடுக்காதீர்கள். பல துறை மருத்துவர்கள் கூடும் ஆலோசனைக் கூட்டத்தில் வைத்து, எந்தெந்த வழிகள் பரிசீலிக்கப்பட்டன, ஒவ்வொன்றும் ஏன் விலக்கப்பட்டது என்று பதிவுசெய்து அதன் நகலை நோயாளியிடம் தாருங்கள். பொருத்தமான ஆய்வுகளைத் தேடுவதையும், கருணை அடிப்படை மருந்துக்கு விண்ணப்பம் எழுதுவதையும் தன் வேலையாகக் கொண்ட ஒருவரை ஒவ்வொரு புற்றுநோய்ப் பிரிவிலும் நியமியுங்கள். அவர் பெயரும் அவரைச் சந்திக்கும் நேரமும் வாசலில் தெரியட்டும்.

வலி தணிப்பு மருத்துவரை முதல் மாதத்திலேயே அறிமுகப்படுத்துங்கள்.

எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று நோயாளியிடமே கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் குடும்பத்தாரிடம் பேசுங்கள். சொல்லுங்கள் என்றால் அவரிடம் பேசுங்கள், உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு. நடைபாதையில் வேண்டாம்.

எங்களுக்கு ஒரு பத்தியில் பதில் எழுதிய நிர்வாகத்தினருக்குத் தனியாக ஒன்று. நீங்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் விஷயத்தில் நடைமுறை முறையாகப் பின்பற்றப்பட்டது என்கிறீர்கள். எங்கள் புகாரே அந்த நடைமுறையைப் பற்றியதுதான். அதை ரத்து செய்யுங்கள். ரத்து செய்ததை உங்கள் ஆய்வகச் சன்னலிலும் மருத்துவர் அறைகளிலும் எழுதி ஒட்டுங்கள். எங்களுக்கு அனுப்பிய கடிதத்துக்குப் பதிலாகப் புதிய கடிதம் ஒன்றை, என் அத்தானின் முகவரிக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் தங்கை